நலம் விசாரிக்க யாரும் வராத நோய்

நோயுற்றவரைச் சென்று பார்ப்பதை நம் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டில் எங்கள் இளைய பிள்ளை, அப்போது ஒன்பது வயதினன், கொய்யா மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தான். நான்கு நாளும் அவன் கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியுமாக வந்து குவிந்தன. அன்பியத்தார் செபமாலை சொன்னார்கள். பங்குத்தந்தை வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வீடு திரும்பியபின் எண்ணிப் பார்த்தோம். ஹார்லிக்ஸ் மட்டும் பதினொரு புட்டி இருந்தது. மாவுக்கட்டின்மேல் பள்ளித் தோழர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த அன்று அதை எறிந்துவிட அவனுக்கு மனம் வரவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து எங்கள் மூத்த மகள், பதினாறு வயதுப் பெண், வேறொரு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒரு புட்டியும் வரவில்லை. வராதவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை. ஏனெனில், அவள் அங்கிருப்பதை நாங்களே எவருக்கும் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை என்றும், உறவினர் ஊரில் வைத்துப் பச்சிலை மருந்து கொடுக்கிறோம் என்றும் பொய் சொல்லியிருந்தோம். அவளுக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய்.

இதை எழுதலாமா என்று அவளையே கேட்டோம். “எழுதுங்க. ஆனா என்னப் பாவமாக் காட்டி எழுதிடாதீங்க” என்றாள். ஆதலின் இக்கட்டுரை அவளைப்பற்றியதன்று, பெற்றோராகிய எங்களைப்பற்றியது.

எங்களுள் ஒருவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மற்றவர் கூட்டுறவு வங்கியில் கணக்கர். பிள்ளை வளர்ப்பைப்பற்றிப் பிறருக்கு அறிவுரை கூறிய நாட்களும் உண்டு. மனச்சோர்வு என்றால் ஒருவர் மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருப்பார் என்றே எண்ணியிருந்தோம். வளரிளம் பருவத்தில் அது பலவேளைகளில் எரிச்சலாகவே முகங்காட்டும் என்பதைக் காலங்கடந்துதான் அறிந்தோம். எங்கள் மகள் அழவில்லை, சீறினாள். கதவை அறைந்து சாத்தினாள். இரவு இரண்டு மணிக்கும் அவள் அறையில் விளக்கு எரிந்தது; விடுமுறை நாளில் பகல் பத்து மணிக்கும் எழ மறுத்தாள். பாடற்குழுவிலிருந்து நின்றுகொண்டாள். தலைவாருவதில் அத்தனை ஆசை கொண்டிருந்தவள் இரண்டு மூன்று நாள் சீப்பையே தொடாதிருந்தாள். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வந்தது. வயிற்றை ஸ்கேன் எடுத்தோம், இரத்தம் சோதித்தோம், எல்லாம் நன்றாக இருந்தன. சத்து மருந்து எழுதிக்கொடுத்தார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு பெயர் சூட்டினோம். ஒருவர் அதைக் கைப்பேசி என்றார். மற்றவர் திமிர் என்றார். பாட்டி கண்ணூறு என்றார். வேளாங்கண்ணிக்கு அழைத்துச் சென்று மெழுகுதிரி ஏற்றினோம். அந்தப் பயணத்திற்காக நாங்கள் இன்றும் வருந்தவில்லை. ஆயின், மருத்துவரிடம் போவதற்குப் பதிலாகப் போனோமே, அதற்காக வருந்துகிறோம். பையனின் கால் முறிந்தபோதும் நேர்ந்துகொண்டோம். ஆனால் மாவுக்கட்டைத் தள்ளிப்போடவில்லை.

2018 சனவரியில் பள்ளித் தலைமையாசிரியையாகிய அருட்சகோதரி தொலைபேசியில் அழைத்தார். மகள் மணிக்கட்டில் கைக்குட்டையை எப்போதும் கட்டியிருப்பதையும் அதன்கீழ் கீறல்கள் இருப்பதையும் வகுப்பாசிரியை கண்டிருக்கிறார். “பிள்ளயத் திட்டாதீங்க. இதுவும் ஒரு நோவுதான். நாளைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அதே கூரையின்கீழ் வாழ்ந்த நாங்கள் காணாததை, நாற்பது பிள்ளைகளுக்கிடையே ஒரு வகுப்பாசிரியை கண்டுவிட்டார்.

அருகிலேயே மருத்துவமனை இருக்க, இரண்டு மணிநேரம் பேருந்தில் சென்று வேற்றூர் மனநல மருத்துவரைப் பார்த்தோம். தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்பதே காரணம். அந்த அம்மையார் முதலில் எங்கள் மூவரிடமும் சேர்த்துப் பேசினார், பிறகு மகளிடம் தனியே நெடுநேரம், அதன்பின் எங்களிடம். அவள் சொன்னதென்ன என்று கேட்டோம். “அவ உயிருக்கு ஆபத்துன்னா கட்டாயம் சொல்லுவேன். மத்ததை அவளாச் சொல்லும்போது நீங்க கேட்டுக்குங்க” என்றார். பெற்றவர்களுக்குத் தெரியாத இரகசியமா என்று எங்களுக்குச் சினமே வந்தது. பிள்ளைக்கு அன்று வேண்டியிருந்தது அச்சமின்றிப் பேச ஓர் இடம் என்பதும், அந்த இடமாக எங்கள் வீடு இல்லாதுபோயிற்று என்பதும் மெல்லத்தான் விளங்கின.

மருத்துவர் மாத்திரை எழுதினார். வாரந்தோறும் உளவியலரிடம் பேச்சுவழிச் சிகிச்சைக்கும் வரச்சொன்னார். இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, பதின்பருவத்தினரில் இரண்டும் சேர்ந்தே நன்கு பயனளிக்கும் என்றார். அதற்கு ஆதாரமான ஆய்வொன்றைப் பின்னாளில் படித்தோம். அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேரிடம் நடத்தப்பெற்று 2004இல் வெளிவந்தது அது. மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களுள் 71 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரங்களில் நல்ல முன்னேற்றம் கண்டனர். மருந்து மட்டும் பெற்றோரில் அது 61. பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43. வெற்று மாத்திரை பெற்றோரில் 35.

மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், தொடக்க வாரங்களில் இளையோர் சிலருக்கு அமைதியின்மையும் உயிரை வெறுக்கும் எண்ணமும் மிகலாம், ஆதலால் கண்ணும் கருத்துமாயிருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். மாத்திரையை நாங்களே எடுத்துக்கொடுக்க வேண்டும். மிச்சத்தைப் பூட்டி வைக்க வேண்டும். நலமானபின்னும் ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடரவேண்டும். அவரைக் கேளாமல் நிறுத்தவே கூடாது. எல்லாவற்றிற்கும் தலையசைத்தோம்.

ஏப்ரலில் மகள் சிரித்தாள். தம்பியோடு சண்டையிட்டாள், அதைக் கேட்டே எங்களுக்குக் கண்ணீர் வந்தது. மே மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டோம். விவரமறிந்த உறவினர் ஒருவர், “அது பழக்கமாயிடும். நாளைக்குக் கலியாணம் காட்சின்னு வந்தா ஊர் என்ன கேக்கும்?” என்று கேட்டிருந்தார். பிள்ளையின் நலம் குறித்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில், இன்னும் பார்க்காத ஒரு மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்தோம். மருத்துவரிடம் சொல்லவில்லை. பேச்சுச் சிகிச்சைக்கும் பேருந்துக் கட்டணத்தைச் சாக்காக்கி நின்றுகொண்டோம்.

ஆகஸ்டில் மறுபடி விளக்கு இரவு முழுதும் எரிந்தது. செப்டம்பரில் ஓர் இரவு வந்தது. அந்த இரவைப்பற்றி எழுதமாட்டோம். அவள் பிழைத்தாள். விடியுமுன் மருத்துவமனையில் இருந்தோம்.

உள்ளே சேர்க்கச் சொன்னபோது எங்களுக்குத் தோன்றியவை சங்கிலியும் மின்சாரமுமே. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைச் சங்கிலியில் பிணைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டதை மறந்தவர் யார்? அன்று பணியிலிருந்த இளம் மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்தார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பெற்று 2018இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அச்சட்டப்படி எவரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. சிகிச்சை முடியுமட்டும் அவர்களோடு ஒருவர் உடனிருக்க வேண்டும். பெண்பிள்ளையாயின் உடனிருப்பவரும் பெண்ணாயிருக்க வேண்டும். பெற்றோரின் இசைவும் அதற்கென அமைந்த வாரியத்தின் முன் அனுமதியும் இன்றி அவ்வயதினர்க்கு மின்னதிர்வுச் சிகிச்சை அளிக்கக்கூடாது. உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கொள்ளாமல், கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கொள்ளவேண்டும் என்பதும் அதே சட்டந்தான். எங்கள் மகளுக்கு மின்னதிர்வு தேவைப்படவில்லை. பன்னிரண்டு இரவும் அவள் கட்டிலருகே தாய் பாய் விரித்துப் படுத்திருந்தாள். தகப்பன் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வங்கிக்குமாக அலைந்தான். பையனை அத்தை வீட்டில் விட்டிருந்தோம்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள், தெருக்கோடியில் தனியே வாழும் கைம்பெண் ஒருவர் தூக்குச்சட்டியோடு வந்தார். நாங்கள் அவரைச் சித்தி என்போம். இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார்.

“பாப்பாவுக்கு எப்படியிருக்கு?”

“மஞ்சக் காமாலை இறங்கிட்டு, சித்தி.”

அவர் சிறிதுநேரம் பேசாமலிருந்தார். “மஞ்சக் காமாலைக்காரிக்குத் தேங்காப்பால் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொதி வச்சுக் கொண்டாந்தேன்” என்றார். பின்பு, “எங்க அண்ணனுக்கும் இப்படித்தான், பதினெட்டு வயசுல. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க அய்யா பின்கட்டு அறையிலயே வச்சிருந்தாரு. சோத்துத் தட்டை நான்தான் உள்ள தள்ளுவேன். இருபத்திரண்டு வருசம். நீங்க ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அது போதும்” என்று கூறி, உள்ளே சென்று மகளருகே அமர்ந்தார். எதையும் விசாரிக்கவில்லை. அவளுடைய சிக்குப்பிடித்த தலையை மடியில் வைத்து, எண்ணெய் தடவி, ஒரு மணிநேரம் வாரிவிட்டார்.

அன்று இரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. எங்கள் பொய் எவரைக் காத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அது எங்கள் மானத்தைக் காத்திருக்கலாம்; மகளுக்கோ, நீ வெளியே சொல்லத்தகாத ஒன்று என்ற செய்தியை நாள்தோறும் சொல்லிற்று. நோய் ஏற்கெனவே அவள் காதில் ஓதிக்கொண்டிருந்த பொய்யும் அதுவேயன்றோ? மறுநாள் மருத்துவரிடம் சென்று மாத்திரையை நிறுத்தியதை ஒப்புக்கொண்டோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “இனி உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்” என்றார்.

அது வெறும் சொல்லாக இருக்கவில்லை. மாதமிருமுறை குடும்பமாக அமர்ந்து பேசும் அமர்வுகள் நடந்தன. எங்கள் வீட்டில் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் அவளிடம் கேட்பதில்லை என்பதை அங்கேதான் அறிந்தோம். “உனக்கென்ன குறை வச்சோம்?” என்பது கேள்வியன்று, குற்றச்சாட்டு என்பதையும் அறிந்தோம். அறிவுரை கூறாமல் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பது முப்பது ஆண்டு மணவாழ்வைவிடக் கடினம் என்று எங்களுள் தகப்பனானவர் கூறி, மருத்துவரையே சிரிக்க வைத்தார். உறக்கம், உணவு, மாத்திரை, அன்று செய்த ஒரு சிறு வேலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தோம். செடிக்கு நீர் ஊற்றுவது ஒருநாள். கடைவரை நடப்பது ஒருநாள். மனம் சரியானபின் வேலைசெய்யலாம் என்று காத்திராமல், சிறு வேலையைச் செய்யச்செய்ய மனம் பின்தொடரும் என்பது அச்சிகிச்சையின் ஒரு வழி.

பையனைப்பற்றி எவரும் எண்ணவில்லை. ஓர் அமர்வில் அவனையும் அழைத்துவரச் சொன்னார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, “நானும் அக்கா மாதிரி ஆயிருவேனா? நான் சண்ட போட்டதாலதான் அவளுக்கு அப்படி ஆச்சா?” என்று கேட்டான். ஓராண்டாக அதை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தான். ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் மௌனத்தால் நோயுறுகிறார்கள்.

அந்நாட்களில் எங்களுக்குத் துணையாக வந்தது ஒரு புனிதக் குடும்பத்தின் வரலாறு. குழந்தை தெரேசம்மாளின் படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம்மிடையே அரிது. அவருடைய தந்தை லூயி மார்ட்டின் 1889 பெப்ருவரியில் பிரான்சின் கான் நகரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்பதும், மூன்றாண்டுகளுக்குமேல் அங்கிருந்தார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? மகள் துறவாடை பெற்று ஒரு மாதமே ஆகியிருந்தது. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மடத்துக்குப் போனதால்தான் கிழவருக்குச் சித்தம் கலங்கிற்று என்று ஊரார் பேசினார்கள். லெயோனியும் செலினும் அந்நகரில் தங்கித் தகப்பனைப் பார்த்துவந்தார்கள். அதே லூயியையும் அவர் மனைவி செலியையும் 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார். அக்குடும்பத்திற்கு நேர்ந்தது ஒரு குடும்பத்தின் பாவத்திற்குத் தண்டனையன்று என்றால், எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்ததும் அன்று என்று தேறினோம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னோம். முதலில் எவரும் பேசவில்லை. கூட்டம் கலைந்தபின் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் நின்ற ஒருவர், தம் மகனைப்பற்றி மெல்லக் கூறினார். அவனுக்குப் பதினேழு வயது. வாரத்தில் நான்கு நாள் பாவசங்கீர்த்தனத்திற்குச் செல்வான். வீட்டார் அதைப் பக்தி என்றே மகிழ்ந்திருந்தனர். பின்னர் ஒவ்வோர் இரவும் தாயை எழுப்பி, “அம்மா, நான் நினைச்சது பாவமா?” என்று நாற்பது முறை கேட்கத் தொடங்கினான். கைகழுவிக் கழுவித் தோல் உரிந்தது. இதை நோய் என்று கண்டவர் பங்குத்தந்தையே. இஞ்ஞாசியாரும் 1522இல் மன்ரேசாவில் இவ்வகை மன உறுத்தலால் வதையுண்டவர் என்று எடுத்துக்கூறி, “மகனே, உன் பாவம் மன்னிக்கப்பட்டாயிற்று, இனி டாக்டரைப் பார்” என்று அனுப்பினாராம்.

அக்குடும்பத்தோடு முதல்நாள் மருத்துவமனைக்கு நாங்களும் சென்றோம். தாய் அங்கே கற்றது எங்களுக்கும் புதிது. “இல்ல ராசா, பாவமில்ல” என்று ஒவ்வொருமுறையும் ஆறுதல் சொல்வதே நோய்க்குத் தீனியாகிறது, அதைப் படிப்படியாக நிறுத்தவேண்டும், பிள்ளை தவிப்பான், அத்தவிப்பு தானே தணியும் என்பதை அவன் உணரவேண்டும். பெற்றவளுக்கு இது எளிதா? அந்த வாரங்களில் இரவு பத்துமணிக்கு அவர் எங்களுக்குத் தொலைபேசுவார். “கேட்டுட்டே இருக்கான் மதினி. நான் பதில் சொல்லல” என்பார். “நாங்க இருக்கோம்” என்போம். அதற்குமேல் எதுவும் சொல்லத் தெரியாது, சொல்லவும் தேவையிருக்கவில்லை.

இப்படி இதுவரை நான்கு குடும்பங்களோடு நடந்திருக்கிறோம். நாங்கள் மருத்துவரல்லர், மருந்தைப்பற்றி வாய் திறவோம். மருத்துவமனைக் கூடத்தில் உடன் அமர்வோம். தம்பி தங்கையரைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவோம். ஒருவேளைச் சோறு கொண்டுபோவோம். நலமானதும் மாத்திரையை நிறுத்தத் தோன்றும் நாளில், நாங்கள் செய்த தவற்றைச் சொல்வோம். “செபம் செய்தால் போதும்” என்றோ, “எங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்றோ கூறமாட்டோம். எங்கள் காலத்திலும் இருந்தது. சித்தி வீட்டுப் பின்கட்டில் இருந்தது.

2015–16இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினருள் 7.3 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உண்டு. நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் நூறு பிள்ளைகள் அமர்ந்திருந்தால் ஏறத்தாழ ஏழு பேர். அவ்வேழு வீடுகள் எவை என்று நமக்குத் தெரியாது. தெரியாதபடி அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று திகைப்போருக்கு, நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது.

எங்கள் மகள் படிப்பை முடித்து இன்று வேலைக்குச் செல்கிறாள். மாத்திரை 2020இல் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. நோய் மீண்டும் வரலாம் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வருவதற்கான அறிகுறிகள் எவை, அப்போது முதலில் யாரை அழைப்பது என்பதையெல்லாம் அவளே எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறாள். பட்டியலில் மருத்துவரின் எண்ணுக்கு அடுத்தபடியாகச் சித்தியின் எண் இருக்கிறது.

அன்பர்களே, அடுத்தமுறை உங்கள் தெருவில் ஒரு பிள்ளை நெடுநாள் கோயிலுக்கு வராதிருந்து, வீட்டார் மஞ்சள் காமாலை என்று சொன்னால், நம்பியதுபோல் தலையசையுங்கள். ஆயினும் சென்று பாருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசவேண்டியதில்லை. கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியாவிட்டால், ஒரு புட்டி ஹார்லிக்ஸ் போதும்.